வெயிலில் பாவு, நிழலில் விதை: மல்லாட்டை வேரில் ஒளிந்திருந்த கதை

(ஒலி வடிவில் வந்த அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் திருத்தப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நம்ம கதை ஒரு சட்டி அரிசிக் கஞ்சியில் ஆரம்பிக்குது.

திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டத்தில் தேசூர் என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. ஆரணிப் பட்டு என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அது ஆரணி டவுனில் மட்டும் நெய்யப்படுவது இல்லை. தேசூர் மாதிரி சுற்றுப்பட்டு ஊர்களிலும் தறி ஓடும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போடுவாங்க. அரிசிக் கஞ்சி கொடுத்து வெயிலில் காய வைப்பாங்க. கஞ்சி ஏறிய நூல் விறைப்பாக நிற்கும், நெய்யும்போது சட்டென்று அறுந்து போகாது.

அந்தத் தெருவைத் தாண்டி ஊருக்கு வெளியே வந்தால் மல்லாட்டைக் கொல்லை. அங்கேயும் அதே கஞ்சிக்கு ஒரு வேலை உண்டு. விதைக்கிற அன்றைக்கு, ஆறிய கஞ்சியில் ஒரு கறுப்புப் பொடியைக் கலந்து விதைப் பருப்பின் மேல் பூசணும். விவசாயத் துறையில் இதற்குப் பெயர் விதை நேர்த்தி.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பாவை வெயிலில் காய வைக்கணும், விதையை நிழலில்தான் உலர்த்தணும். வெயிலில் போட்டால் அந்தப் பொடியில் இருக்கிறது செத்துப் போயிடும். ஆமாம், அதில் இருக்கிறது உயிர். ரைசோபியம் என்ற பாக்டீரியா.

அது உயிர் என்பதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆச்சு, கண்டுபிடித்த பிறகும் அதை எத்தனை தடவை மறந்தோம். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

மணிலாவின் பெயரில் ஒரு விருந்தாளி

முதலில் பயிரைப் பற்றி. சென்னையில் வேர்க்கடலை, கொங்குப் பக்கம் கடலைக்காய், ஆற்காட்டுப் பக்கம் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பதுதான் வாயில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆச்சு. பெயரில் பிலிப்பைன்ஸ் இருந்தாலும் செடிக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. கப்பல் ஏறி உலகம் சுற்றித்தான் நம்ம ஊருக்கு வந்திருக்கு.

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இது வெறும் கொறிக்கிற பண்டமாக இல்லை, ஏற்றுமதிப் பணப்பயிர். பிரான்சில் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிற்சாலைகளுக்கும் எண்ணெய் வித்து தேவைப்பட்டது. பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த பாண்டிச்சேரி துறைமுகம் ஆற்காட்டுக் கொல்லைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயில் வந்ததும் மூட்டைகள் இன்னும் வேகமாகப் போயின. தண்ணீர் குறைந்த, மணல் கலந்த செம்மண் நிலத்தில் நெல்லால் முடியாததை மல்லாட்டை செய்தது.

1900-ஐ ஒட்டி ஒரு பெரிய சறுக்கல் வந்தது. பழைய விதையின் விளைச்சல் விழுந்தது. மொரீஷியஸிலிருந்து வந்த விதைதான் மறுபடி தூக்கி நிறுத்தியது. பிறகு திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1940-ல் அங்கிருந்து வெளியானதுதான் டி.எம்.வி. 2. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்தது அது. பிற்பாடு இந்தியாவின் பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் விளைந்தது.

இங்கே ஒரு புதிர் இருக்கு. மல்லாட்டை பயறு வகைக் குடும்பத்துச் செடி. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கிற பாக்டீரியா இல்லாமல் அது காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த செடிக்கு ஆற்காட்டு மண்ணில் கூட்டாளி எப்படிக் கிடைத்தான்? இதை மனசில் வச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

மண்ணைச் சுட்டவர்கள்

காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன். நாம மூழ்கியே கிடக்கிறோம். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் செடி அதை நேராகத் தொட முடியாது. கடலில் நிற்கிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாத கதைதான்.

ஆனால் பயறு போட்ட நிலத்தில் அடுத்த பயிர் நன்றாக வரும் என்பது உலகம் முழுக்க உழவர்களுக்குத் தெரிந்த விஷயம். ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் கொள்ளு, சணப்பை, தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுததும் இதே அறிவுதான். தெரியாமல் இருந்தது காரணம்.

1857-ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் லாஸ், கில்பர்ட், பியூ என்ற மூவர் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவரக் கிளம்பினார்கள். மிக நேர்மையான, மிகக் கவனமான பரிசோதனை. மண்ணில் ஏற்கெனவே இருக்கிற நைட்ரஜன் கணக்கைக் குழப்பக் கூடாது என்று மண்ணைச் சுட்டெடுத்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் செடியை வைத்து, உள்ளே போகிற காற்றையும் அமிலத்தில் கழுவி அனுப்பினார்கள். கோதுமை, பார்லியோடு அவரை, பட்டாணியும் வளர்த்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? எந்தச் செடியும் காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கவில்லை. அவர்கள் அளந்தது அத்தனையும் சரி. ஆனால் மண்ணைச் சுட்டபோது அதில் இருந்த பாக்டீரியாவையும் சேர்த்துச் சுட்டுவிட்டார்கள். தேடிப் போன ஆளைக் கதவு திறக்கும்போதே கொன்ற மாதிரி. அவர்களுடைய பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால் அந்த விடை சுமார் 30 வருஷம் அசையாமல் நின்றது.

1886-ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் அதை உடைத்தார். வில்ஃபார்த் என்ற சக ஆய்வாளரோடு மணல் தொட்டிகளில் ஓட்ஸும் பட்டாணியும் வளர்த்தார். ஓட்ஸ் ஒழுங்காகக் கணக்குக் காட்டியது: எவ்வளவு நைட்ரேட் உரம் கொடுத்தாரோ அவ்வளவு வளர்ச்சி. பட்டாணிதான் அடங்கவில்லை. உரமே போடாத ஒரு தொட்டியில் செழிப்பாக நிற்கும், பக்கத்துத் தொட்டியில் வாடிச் சாகும். வேறு யாராவது என்றால் 'பரிசோதனை கெட்டுப் போச்சு' என்று தூக்கி எறிந்திருப்பார்கள். ஹெல்ரீகல் அந்த ஒழுங்கின்மையைப் பிடித்துக்கொண்டார். மணலைச் சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்றால் பட்டாணி எல்லாத் தொட்டியிலும் வாடியது. அதில் கொஞ்சம் வயல் மண் கரைத்த தண்ணீரை ஊற்றினால் வேரில் முடிச்சு விட்டு நிமிர்ந்தது.

இரண்டே வருஷத்தில், 1888-ல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஈஸ்ட் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த பெய்ஜெரிங்க் அந்த முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். கொலை செய்யப்பட்ட ஆள் யார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பாட்டிலில் அடைத்தார்கள், பஞ்சில் உலர்த்தினார்கள்

முதலில் உழவர்கள் செய்தது எளிமையான வேலை. பயறு நன்றாக விளைந்த நிலத்து மண்ணை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புது நிலத்தில் இறைத்தார்கள். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. வேலை செய்தது. ஆனால் வண்டி வண்டியாக மண் சுமக்கணும், கூடவே நோயும் களை விதையும் வரும்.

1896-ல் ஜெர்மனியில் நோபே, ஹில்ட்னர் இருவரும் பாக்டீரியாவையே வளர்த்து 'நைட்ரஜின்' என்ற பெயரில் கண்ணாடிக் குப்பியில் விற்பனைக்குக் கொண்டுவரக் காப்புரிமை வாங்கினார்கள். ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனிக் குப்பி. இன்றைக்கு நாம் பார்க்கிற உயிர் உரப் பாக்கெட்டுக்கு அதுதான் முதல் தாத்தா.

அடுத்து அமெரிக்கா. அரசாங்க விவசாயத் துறையில் இருந்த ஜார்ஜ் மூர் என்பவர் பாக்டீரியாவைப் பஞ்சில் ஊற வைத்து உலர்த்தி, தபாலில் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். குப்பி உடையும் கவலை இல்லை. பத்திரிகைகள் கொண்டாடின, விவசாயிகள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள், தனியார் விற்பனையும் தொடங்கியது. 1905-ல் நியூயார்க் மாநில ஆய்வு நிலையம் அந்தப் பஞ்சுப் பாக்கெட்டுகளைச் சோதித்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் வேலைக்கு ஆகிற அளவு உயிர் மிச்சமில்லை. உலர்த்தியதிலேயே செத்துவிட்டிருந்தன.

கவனிச்சீங்களா? 1857-ல் தெரியாமல் சுட்டுக் கொன்றார்கள். 1905-ல் தெரிந்த பிறகும் உலர்த்திக் கொன்றார்கள். விவசாயி கையில் கிடைத்தது வெறும் பஞ்சு. விளைச்சல் வரலை. 'இதெல்லாம் ஏமாற்று வேலை' என்று அவர் நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

இதற்கிடையில் இன்னொரு வழியும் திறந்தது. ஹாபர், போஷ் என்ற இரு ஜெர்மானியர்களின் முறையில், பல நூறு டிகிரி வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் காற்று நைட்ரஜனை அம்மோனியா ஆக்கும் தொழிற்சாலை 1913-ல் ஓடத் தொடங்கியது. இன்றைய யூரியா மூட்டை அந்த வழியில் வந்தது. அது உயிரில்லாத பொருள். கிடங்கில் எத்தனை வெயில் அடித்தாலும் சாகாது. இந்தப் போட்டியில் பாக்டீரியாவின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

பூசாவிலிருந்து நெய்வேலி வரை

இந்தியாவில் இந்த ஆராய்ச்சியின் தொடக்கப் புள்ளி என்.வி. ஜோஷி. பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேர் முடிச்சு பாக்டீரியாவை ஆராய்ந்து 1920-ல் வெளியிட்டார். வணிக அளவில் ரைசோபியம் தயாரிப்பு இங்கே 1956-ல் தொடங்கியது. 1960-களில் சோயா வந்தபோதுதான் தேவை உண்மையாகவே கூடியது. ஏன்னா சோயாவுக்கு ஏற்ற பாக்டீரியா நம் மண்ணில் பெரும்பாலும் இல்லை. பாக்கெட் இல்லாமல் விதைத்தால் முடிச்சே விடாது.

ஆனால் பாக்டீரியாவை எதில் ஏற்றி அனுப்புவது? மேல்நாடுகளில் 'பீட்' என்ற சதுப்பு நில மண் பயன்பட்டது. ஈரத்தைப் பிடித்து வைக்கும், பாக்டீரியா அதில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நமக்கு அது எளிதில் கிடைக்காது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பதில் நெய்வேலி. 1956-ல் தொடங்கிய அதே நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பழுப்பு நிலக்கரி. அதைப் பொடியாக்கி, அமிலத்தன்மை போகச் சுண்ணாம்புத் தூள் கலந்து, நுண்ணுயிர் நீக்கி, அதில் ரைசோபியம் வளர்த்த நீரைச் சேர்த்தால் பாக்டீரியாவுக்கு ஒரு வீடு கிடைத்துவிடும். தேசூர்க் கொல்லையில் கஞ்சியோடு கலந்தோமே, அந்தக் கறுப்பு நெய்வேலிக் கறுப்பு. நம்ம வீட்டில் பல்பு எரிய வைத்த அதே கரிதான்.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பயிருக்குப் பயிர் தனித்தனி ரைசோபிய வகைகளைத் தேர்ந்தெடுத்தது. கடலூர், சேலம், குடுமியான்மலை போன்ற ஊர்களில் வேளாண் துறை தயாரிப்பு நிலையங்கள் வந்தன. 1983-ல் மத்திய அரசு காசியாபாத்தைத் தலைமையிடமாக வைத்து உயிர் உரங்களுக்கென்று ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. ஆனால் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர் உரங்கள் வந்தது 2006-ல்தான். அந்த விதிப்படி பொடி வடிவப் பாக்கெட்டில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்கணும். 200 கிராம் பாக்கெட் என்றால் 1000 கோடி. அந்த எண்ணிக்கைக்குத்தான் நாம காசு கொடுக்கிறோம். கரித்தூளுக்கு இல்லை.

ஒரு நியாயமான கேள்வி

இப்போ அந்தப் புதிருக்கு வருவோம். சோயாவுக்குக் கூட்டாளி கிடைக்காத மண்ணில் மல்லாட்டைக்கு மட்டும் எப்படிக் கிடைத்தான்?

மல்லாட்டை கொஞ்சம் தாராள மனசுக்காரச் செடி. நம்ம ஊரில் காலங்காலமாக விளைகிற காராமணி, துவரை, உளுந்து, பச்சைப்பயறு இவற்றோடு கூட்டு வைக்கிற பாக்டீரியாக் கூட்டத்தையே இதுவும் ஏற்றுக்கொள்ளும். பல பயறுகளில் வேர்த்தூவி வழியாக பாக்டீரியா உள்ளே போகும். மல்லாட்டையில் பக்கவேர் பிளந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு விரிசல் இருக்கும், அது வழியாகவே நுழைந்துவிடும். ஆக, கொள்ளும் துவரையும் போட்டுப் பழகிய ஆற்காட்டு மண் இந்த விருந்தாளிக்கு முன்கூட்டியே வீடு கட்டி வைத்திருந்தது. மார்சேய் ஏற்றுமதி எல்லாம் எந்தப் பாக்கெட்டும் இல்லாமல் நடந்தது அதனால்தான்.

அப்போ விவசாயி கேட்கிறார்: 'பொடி பூசாத வருஷமும் வேரில் முடிச்சு இருக்கு, பூசின வருஷமும் இருக்கு. அப்புறம் எதுக்கு இந்த வேலை?'

ரொம்ப நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையான பதில் இதுதான்: எல்லா நிலத்திலும் ஒரே மாதிரி பலன் வராது. ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனம் இதை நிறையச் சோதித்தது. என்.சி. 92 என்ற ஒரு பாக்டீரிய வகையும் ராபட் 33-1 என்ற மல்லாட்டை ரகமும் சேர்ந்தபோது நல்ல கூடுதல் விளைச்சல் கிடைத்தது. வேறு சேர்க்கைகளில், வேறு இடங்களில் அப்படி வரவில்லை. மண்ணில் ஏற்கெனவே இருக்கிற பாக்டீரியா எண்ணிக்கையில் அதிகம், ஆனால் எல்லாமே நல்ல உழைப்பாளி இல்லை. சில வெறுமனே முடிச்சுக்குள் உட்கார்ந்து செடியின் சாப்பாட்டைச் சாப்பிடும். பாக்கெட்டில் வருகிற புது ஆள் நல்ல உழைப்பாளியாக இருக்கலாம். ஆனால் அவன் இந்தப் பழைய கூட்டத்தோடு போட்டி போட்டு முதலில் வேருக்குள் போகணும்.

அதனாலதான் எண்ணிக்கை முக்கியம். விதையின் தோலிலேயே ஏராளமாக ஒட்டியிருந்தால், வேர் வெளியே வரும் நிமிஷமே நம்ம ஆள் வாசலில் நிற்பான். பாக்கெட் வெயில் ஏறிய கிடங்கில் கிடந்து பாதி செத்துப் போயிருந்தால், அந்த ஓட்டப்பந்தயம் விதைக்கிறதுக்கு முன்னாடியே தோற்றாச்சு. பல வருஷமாகப் பயறே போடாத நிலம், போகத்துக்குப் போகம் நெல் மட்டும் போட்டு வந்த நிலம், இங்கே போட்டி குறைவு. அங்கே பலன் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பு அதிகம்.

ஆறு விஷயம், ஒரே காரணம்

இனி அந்தக் கஞ்சிக்குத் திரும்புவோம். விதை நேர்த்திக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற முறையை இப்போ கேட்டால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இந்த வரலாறு தெரியும்.

ஒன்று, அளவு: ஒரு ஹெக்டேர் மல்லாட்டை விதைக்கு 200 கிராம் பாக்கெட் 3, அதாவது 600 கிராம் ரைசோபியம். கூடவே 600 கிராம் பாஸ்போபாக்டீரியா. நைட்ரஜன் பிடிக்கிற வேலைக்கு மணிச்சத்து நிறையத் தேவை; மண்ணில் இறுகிக் கிடக்கிற மணிச்சத்தைக் கரைத்துக் கொடுப்பது இந்த இரண்டாவது பாக்டீரியா.

இரண்டு, கஞ்சி ஆறியிருக்கணும். சுடு கஞ்சியில் கலந்தால் ரோத்தம்ஸ்டெட் கதைதான்.

மூன்று, மெதுவாகப் புரட்டணும். ஓடு உடைத்து எடுத்த மல்லாட்டைப் பருப்பின் சிவப்புத் தோல் ரொம்ப மெல்லிசு. தோல் உரிந்தால் முளைப்பு போச்சு.

நான்கு, நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைக்கணும். வெயிலில் காய வைத்து மூட்டை கட்டினால் அது 1905-ன் பஞ்சு.

ஐந்து, பூஞ்சாணக்கொல்லி மருந்தையும் இதையும் ஒரே சட்டியில் கலக்கக் கூடாது. மருந்து பூசியிருந்தால் 24 மணி நேரமாவது இடைவெளி வேணும். டிரைக்கோடெர்மா போன்ற உயிரிக் கொல்லி என்றால் பிரச்சினை இல்லை. அதை முதலில் பூசி, ரைசோபியத்தைக் கடைசியில் பூசலாம். விதை நேர்த்தி செய்ய முடியாமல் போனால் ஹெக்டேருக்கு 10 பாக்கெட்டை மக்கிய தொழு உரத்தோடும் மண்ணோடும் கலந்து நிலத்தில் தூவலாம்.

ஆறு, விதைக்கும்போது யூரியாவை அள்ளிப் போடக் கூடாது. மண்ணில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் செடி முடிச்சு விடுவதைக் குறைத்துவிடும். வீட்டில் சாப்பாடு இருக்கும்போது வாடகைக்கு ஆள் வைத்துச் சமைக்க மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

ஆறுக்கும் ஒரே காரணம்தான்: உள்ளே இருப்பது உயிர். விதியை மட்டும் சொல்லி இந்தக் காரணத்தைச் சொல்லாமல் விட்டால், அது வெறும் சடங்கு ஆகிவிடும். சடங்கில் ஒரு படியை விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

நகரத்தில் உட்கார்ந்து கேட்கிற நமக்கு இதில் என்ன இருக்கு? 45 கிலோ யூரியா மூட்டையின் விற்பனை விலை வரி, வேம்புப் பூச்சு நீங்கலாக 242 ரூபாய். மீதிச் செலவு அரசாங்கத்தின் மானியம், அதாவது நம்ம வரிப்பணம். அவ்வளவு மலிவாக, சாகாத ஒரு மூட்டை பக்கத்தில் இருக்கும்போது, பாதுகாத்து வைக்க வேண்டிய ஒரு பாக்கெட்டை விவசாயி நம்பணும் என்றால், அந்தப் பாக்கெட் அவர் கைக்கு வரும்போது உயிரோடு வரணும். தயாரித்த நிலையத்திலிருந்து கடை வரைக்கும், கடையிலிருந்து கொல்லை வரைக்கும் அதைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவது அவர் ஒருத்தர் பொறுப்பு இல்லை. ஒரு தடவை செத்த பொடி கிடைத்தால் அவர் அடுத்த பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நம்பணுமா வேண்டாமா என்று பார்க்க ஒரு வழி இருக்கு. அதற்கு ஆய்வகம் வேண்டாம். விதைத்து 40, 45 நாளில் மல்லாட்டைக்கு ஜிப்சம் போட்டு மண் அணைப்பாங்க. அப்போ ஒரு செடியை வேர் அறாமல் தோண்டி எடுங்க. மண்ணைக் கழுவுங்க. முடிச்சு ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ஆள் உழைக்கிறான். அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம்ம ரத்தத்தின் சிவப்புக்குச் சொந்தக்காரன், ஆக்சிஜனை அளந்து கொடுக்கிற வேலை அதுக்கு. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு சும்மா உட்கார்ந்திருக்கு. பொடி பூசிய வரிசையில் ஒரு செடி, பூசாத வரிசையில் ஒரு செடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விவசாயியின் கேள்விக்கு அவர் கொல்லையே பதில் சொல்லும்.

தேசூர்ப் பக்கம் ஆடிப்பட்டத்தில் போனால், ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். தெருவில் வெயில் பட்டு விறைக்கிற பாவு. திண்ணை நிழலில் சாக்கு விரித்து, கறுப்பு பூசி உலர்கிற மல்லாட்டை விதை. இரண்டுக்கும் ஒரே கஞ்சி. ஒன்றை வெயிலும் இன்னொன்றை நிழலும் காப்பாற்றுது.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.